பெயரை எழுதி வைத்தவர்கள் யார்? குடும்ப வரலாறு தேடுவோரின் கேள்விகளும் பதில்களும்

முன்னோர்களைப் பற்றிய தகவல்களை எங்கே, எப்படித் தேடுவது என்று கேட்டு இம்மாதம் வந்த கடிதங்களிலிருந்து, மற்ற வாசகர்களுக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. என் தாத்தாவின் தகப்பனார் பெயர் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்காக வம்சாவளியை எழுதி வைக்க ஆசைப்படுகிறேன். சென்னையில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போனால் கிடைத்துவிடுமா? எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு நீங்கள் கட்டாயம் போக வேண்டும்; ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. நம் நாட்டில் எந்த அலுவலகமும் குடும்பங்களின் வரலாற்றுக்காகப் பதிவேடு வைத்திருந்ததில்லை. வரி வாங்கியவர், நிலம் அளந்தவர், ஞானஸ்நானம் கொடுத்தவர், கூலிக்கு ஆள் சேர்த்தவர், மொய் எழுதியவர் என்று ஒவ்வொருவரும் தத்தம் தேவைக்காக நம் முன்னோர்களின் பெயரை எழுதினார்கள். ஆகவே ஒவ்வொரு முன்னோரைப் பற்றியும் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இவருடைய பெயரை எழுதி வைக்க வேண்டிய தேவை யாருக்கு இருந்தது?” என்பதுதான். இதற்கு விடை தெரிந்துவிட்டால் எந்த ஊரில், எந்த அலுவலகத்தில், எந்தப் பெட்டியில் தேடுவது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

அந்தத் தேடல் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம், அதிலும் உங்கள் வீட்டிலிருந்து வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அத்தைமார்களிடம் முதலில் பேசுங்கள். பிறந்த வீட்டு உறவுகளை முறை சொல்லி நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தாம். பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஊர், தெரு, குலதெய்வம், யார் யாருக்குப் பங்காளி, எந்தப் பஞ்சத்தில் அல்லது எந்தப் புயலில் இடம்பெயர்ந்தார்கள் என்பவற்றையும் பெயர்களோடு சேர்த்துக் கேளுங்கள். திதி கொடுக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் தகப்பனார், பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று தலைமுறைப் பெயர்கள் சொல்லப்படுவதால், அவற்றைப் புரோகிதரின் குறிப்பேட்டிலிருந்தும் பெறலாம்.

அடுத்து, வீட்டில் உள்ள காகிதங்கள். பழைய கிரயப் பத்திரம், ஜாதகம், திருமணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு ஆகிய எதையும் பயனற்றது என்று ஒதுக்கிவிட வேண்டாம். இவற்றுள் நான் மிக உயர்வாக மதிப்பது பாகப்பிரிவினைப் பத்திரத்தைத்தான். சொத்தில் உரிமையுள்ள அத்தனை பேரையும் தகப்பனார் பெயரோடும் வயதோடும் ஊரோடும் வரிசைப்படுத்தி, மூலச் சொத்து யாரிடமிருந்து எப்படி வந்தது என்பதையும் அது கூறுவதால், ஒரே பத்திரத்தில் மூன்று தலைமுறைகள் கிடைத்துவிடுவது உண்டு. வீட்டில் பிரதி இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து பெறலாம். பெரும்பாலான அலுவலகங்களில் 1975 முதலான வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். அதற்கு முந்தையவற்றைக் கையால் எழுதப்பட்ட அட்டவணைகளில்தான் தேட வேண்டும். அந்த அட்டவணைகளில் சொத்தின் பேரில் ஒன்றும், எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பேரில் ஒன்றுமாகத் தனித்தனியே உண்டு என்பதைப் பலரும் அறிவதில்லை. சர்வே எண் தெரியாதவர்கள் பெயர் அட்டவணையைக் கேட்டுத் தேடலாம்.

பழைய காகிதங்களில் உள்ள தேதிகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். “தாது வருஷம் தை மாதம்” என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1877 ஆகவும் இருக்கலாம், 1937 ஆகவும் இருக்கலாம். ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன. ஜாதகம் இருந்தால் இந்தச் சிக்கலைத் தீர்க்க வழி உண்டு. அறுபது ஆண்டுகளில் குருவும் சனியும் ஏறத்தாழ முன்பு இருந்த இடத்துக்கே வந்துவிடுவதால் அவற்றை வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்ய முடியாது. ராகுவும் கேதுவும் அப்படி வருவதில்லை. ஆகவே ராகு நின்ற ராசியைப் பஞ்சாங்கம் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் எந்தச் சுற்று என்று சொல்லிவிடுவார். வருவாய்த் துறைக் கணக்குகளில் பசலி ஆண்டு இருக்கும். அதனோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஜூலை மாதத்தின் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1310 என்பது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டைக் காணலாம். அது ஆவணி மாதத்தையொட்டித் தொடங்குவது. கொல்லம் 1075 என்றால் 1899 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு.

பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வரும். ஒரு பாட்டனாருக்கு நான்கு மகன்கள் இருந்தால், நான்கு வீட்டிலும் அதே பெயரில் ஒரு பேரன் இருந்திருக்கலாம். தகப்பனார் பெயரும், நிலத்தின் எல்லையும், காலமும் ஒத்துவந்தால் ஒழிய இரண்டு பேரை ஒருவராக எழுதிவிடாதீர்கள்.

ஊர், வட்டம், ஏறத்தாழப் பசலி ஆண்டு ஆகிய மூன்றும் கையில் இருக்கும்போது எழும்பூருக்குப் போங்கள். அங்கே அடையாளச் சான்றுடன் விண்ணப்பித்து அனுமதி பெற்றபின், ஊர்வாரியான நிலவரித்திட்டப் பதிவேடுகளைக் கேட்கலாம். உங்கள் முன்னோர்களுக்கு மானிய நிலம் ஏதேனும் இருந்திருந்தால், 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் தயாரித்த பதிவேடுகளை முதலில் பாருங்கள். மானியத்தை முதலில் பெற்றவர் யார், அப்போது அனுபவித்து வந்தவர் யார், அவருடைய வயது என்ன, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பவற்றுக்கெல்லாம் அதில் தனித்தனியே பத்திகள் உண்டு. ஒரு குடும்பம் பதினெட்டாம் நூற்றாண்டு வரை போக வேண்டுமானால், அந்த ஒரு பதிவேடே கொண்டுபோய் விடும்.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். என் பெற்றோர் தமிழ் பேசுவார்கள். நான் பிற்பாடு படித்துக் கற்றுக்கொண்டேன். அவருடைய சொந்த ஊரைக் கண்டுபிடித்து ஒருமுறையாவது அங்கே போய்வர விரும்புகிறேன். வழி உண்டா?
— வாசகி, டர்பன்

பதில்: உண்டு, அம்மா. ஊரிலேயே இருந்துவிட்டவர்களின் சந்ததியினரைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம் என்றே சொல்வேன். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தவர்கள் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டு, பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம், எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார் என்பவை கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. தப்பி ஓடினால் பிடித்துக் கொண்டுவருவதற்காக எழுதப்பட்ட அங்க அடையாளங்கள் அவை. இன்று ஒரு குடும்பம் தன் முன்னோரின் தோற்றத்தைப் பற்றி அறிய மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

முதலில் அந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். உங்கள் தாத்தா, பாட்டியின் பிறப்பு, திருமணப் பதிவுகளிலும், ஒப்பந்தம் முடிந்தபின் வழங்கப்பட்ட விடுதலைச் சீட்டிலும் பெற்றோரின் எண் எழுதப்பட்டிருப்பது வழக்கம். எண் கிடைத்துவிட்டால் கப்பலின் பெயரும் வந்த ஆண்டும் கிடைத்துவிடும். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கப்பல் பட்டியல்களைப் பற்றி விசாரிக்கலாம். தோட்டத்தில் கொடுத்த புகார்கள், நாடு திரும்ப அனுமதி கோரிய மனுக்கள் போன்றவை இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளில் உள்ளன. அவற்றைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் பார்க்க வேண்டும். கோப்பு கிடைக்கும் குடும்பங்கள் குறைவே. கிடைத்தால், அந்த மனிதரின் குரலை ஓரளவு கேட்கும் வாய்ப்பு அதில்தான் இருக்கிறது.

பெயரைத் தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. முனுசாமி, முனியசாமி, முனியன் ஆகிய மூன்றும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். சில தொடக்ககாலக் கப்பல்களின் பட்டியலில் சாதி என்ற பத்தியில் ‘மலபார்’ என்று இருந்தால் மலையாளி என்று எண்ண வேண்டாம். அக்கால ஆங்கில அதிகாரிகள் தமிழரை அப்படித்தான் குறித்தார்கள். ‘ஜென்டூ’ என்பது தெலுங்கரைக் குறிக்கும்.

ஊர்ப் பெயர் கிடைத்த பிறகுதான் இன்னொரு சிக்கல் தொடங்கும். பழைய வட ஆற்காடு மாவட்டம் இன்று ஒரே மாவட்டமாக இல்லை. 1911இல் சித்தூர், பலமனேர் போன்ற வட்டங்கள் பிரிக்கப்பட்டுச் சித்தூர் மாவட்டம் உருவானது. அது இப்போது ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிந்தன. ஆகவே பட்டியலில் உள்ள வட்டத்தின் பெயரை வைத்து, அந்த வட்டம் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தபின் கிராமத்தைத் தேடுங்கள். ஒரே பெயரில் மூன்று நான்கு ஊர்கள் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம்.

ஊருக்குப் போகும்போது நேரே கிராம நிர்வாக அலுவலரிடம் போவதைவிட, அந்தச் சமூகத்தாரின் குலதெய்வக் கோயில் பூசாரியையும் ஊரின் வயதானவர்களையும் முதலில் பாருங்கள். “எங்கள் வீட்டில் ஒருவர் கப்பலேறிப் போனார், திரும்பவில்லை” என்ற நினைவு நான்கு தலைமுறை கடந்தும் சில வீடுகளில் இருக்கக்கூடும். நிலம் கேட்டு வரவில்லை, உறவை அறியவே வந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மொரிசியசு, பிஜி நாடுகளில் உள்ள வாசகர்களுக்கும் இதே முறை பொருந்தும். மொரிசியசில் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இந்தியக் குடியேறிகளின் ஆவணங்களைப் பாதுகாக்கிறது. அங்கே குடியேறிகளின் புகைப்படங்களும் உள்ளன. பிஜிக்குத் தென்னிந்தியர்கள் 1903 முதல்தான் போனார்கள். அவர்களுடைய குடியேற்றச் சீட்டுகளில் கிராமமும் நெருங்கிய உறவினர் பெயரும் இருக்கும்.

கேள்வி: பிரிட்டனில் 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை இணையத்தில் பார்க்க முடிகிறதாமே. அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் எடுத்த கணக்கெடுப்பில் என் தாத்தா வீட்டுப் படிவத்தைப் பார்க்க முடியுமா?
— வாசகர், சென்னை

பதில்: முடியாது. இந்தியாவில் கணக்கெடுப்பின் நோக்கம் மொத்தத் தொகைகளைத் தொகுப்பது மட்டுமே. அச்சான அறிக்கைகளில் ஊரும் சாதியும் தொழிலும் எண்ணிக்கையாக இருக்கும். தனி மனிதர் பெயர் இருக்காது. சுதந்திரத்துக்குப் பிந்தைய படிவங்களையும் 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பொதுமக்கள் பார்வைக்கு உரியவை அல்ல என்று ஆக்கிவிட்டது. அதற்குப் பதிலாகப் பழைய வாக்காளர் பட்டியல், பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, மாநகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவேடு ஆகியவற்றைத் தேடுங்கள். பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் இல்லாமல் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மட்டும் இருக்கலாம். பெற்றோர் பெயரையும் தெருவையும் வைத்துத்தான் தேட வேண்டும்.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்ததில்லை. பத்திரமும் இல்லை, பட்டாவும் இல்லை. தாத்தாவும் அவருடைய தகப்பனாரும் பண்ணையில் வேலை செய்தவர்கள். நிலமுள்ளவர்களுக்குத்தான் வம்சாவளி எழுத முடியும் போலிருக்கிறதே?
— வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள வேதனை நியாயமானது. ஆவணங்கள் சொத்தின் பின்னால் போனவை. நிலத்தை உழுதவர்களின் பெயரை விட்டுவிட்டு, நிலத்துக்கு உரியவர்களின் பெயரை எழுதின. இது உங்கள் முன்னோர்களின் குறையன்று, எழுதியவர்களின் குறை. ஆனாலும் தேடுவதற்கு இடமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலாவதாக, பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் நிலம் ஒப்படைக்கப்பட்டது. வட்டாட்சியர் அலுவலகத்தின் பழைய ‘அ’ பதிவேட்டில் ‘டி.சி. நிலம்’ (ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நிலம்) என்ற குறிப்போடு இருக்கும் சர்வே எண்களைப் பார்த்து, அவை முதலில் யார் பேரில் ஒப்படைக்கப்பட்டன என்று கேளுங்கள். பிற்காலத்தில் அந்த நிலம் கைமாறிப்போய் இன்று குடும்பத்தின் நினைவிலேயே இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் முதற்பதிவில் உங்கள் பூட்டனாரின் பெயர் இருக்கக்கூடும். வெட்டியான் மானியம், தலையாரி மானியம் என்று கிராம ஊழியத்துக்காக விடப்பட்ட நிலங்களையும் இதே போலத் தேடலாம். அந்த ஊழியம் பரம்பரையாக வந்தது என்பதால், தகப்பனார், மகன் என்று பெயர்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கும். 1980இல் பரம்பரைக் கிராமப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கணக்குப்பிள்ளைகளிடம் இருந்த கணக்குகள் அரசு ஊழியர்களின் பொறுப்புக்கு வந்தன. அவற்றில் எஞ்சியவற்றை வட்டாட்சியர் அலுவலகத்தின் பதிவறையில் கேட்டுப் பாருங்கள். எழுத்துமூலமாக மனுக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் ‘இல்லை’ என்ற ஒரே பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

இரண்டாவதாக, தேவாலயம். உங்கள் குடும்பம் இப்போது எந்தச் சமயத்தில் இருந்தாலும், உறவில் ஒரு கிளை எப்போதாவது கிறித்தவத்தைத் தழுவியிருந்தால், அந்தப் பங்கின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் வேறெங்கும் கிடைக்காத தகவல்களைத் தரும். நிலமில்லாதவர், பெண், குழந்தை என்று பாராமல் எல்லாருடைய பெயரையும் தனித்தனியே எழுதியவை நம் நாட்டில் அந்தப் பதிவேடுகள்தாம். கத்தோலிக்கப் பதிவேடுகளில் ஞானத்தாய், ஞானத்தந்தை பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர்களாகவே இருப்பார்கள். பங்குக் குருவிடம் முன்கூட்டியே கடிதம் எழுதி நாள் கேட்டுக்கொண்டு போவது முறை. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையினரின் மதுரை மாநில ஆவணக் காப்பகம் உள்ளது. லூத்தரன் குடும்பங்கள் தரங்கம்பாடியில் 1706இல் தொடங்கிய பணியின் தொடர்ச்சியான ஆவணங்களை, ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள பிராங்கே நிறுவனத்தின் காப்பகம் வரைக்கும் பின்தொடர்ந்து செல்லலாம்.

மூன்றாவதாக, ஊரைவிட்டுப் போனவர்கள். கோலார் தங்கவயல், இரயில்வே, பட்டாளம், இலங்கைத் தேயிலைத் தோட்டம், மலாயா ரப்பர்த் தோட்டம் என்று எங்காவது குடும்பத்தில் ஒருவர் போயிருப்பார். உலகப் போர்களில் இறந்த இந்திய வீரர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கின்றன.

இவை எதிலும் கிடைக்காவிட்டாலும், உங்கள் தெருவில் இன்று எண்பது வயதைக் கடந்தவர் ஒருவர் இருந்தால், அவர் சொல்வதைத் தேதியிட்டு, சொன்னவர் பெயருடன் எழுதி வையுங்கள். நூறு ஆண்டு கழித்துத் தேடுபவருக்கு அதுவே முதல் ஆவணம். எழுதுவதற்கு உரிமை பெற்ற முதல் தலைமுறையின் எழுத்தை எந்தப் பட்டாவுக்கும் குறைந்ததாக நான் கருதவில்லை.

கேள்வி: என் பெற்றோர் 1970களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். நாங்கள் கோத்தகிரியில் குடியேறினோம். தாத்தா எந்த ஊரிலிருந்து இலங்கைக்குப் போனார் என்பது அப்பாவுக்கே சரியாகத் தெரியவில்லை. “திருச்சிப் பக்கம்” என்று மட்டும் சொல்வார். எப்படிக் கண்டறிவது?
— வாசகி, நீலகிரி

பதில்: 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா வந்த குடும்பங்களிடம் இரண்டு ஆவணங்கள் இருக்க வேண்டும். ஒன்று, இலங்கையில் வழங்கப்பட்ட இந்தியக் கடவுச்சீட்டு. மற்றொன்று, மண்டபம் முகாமில் கொடுக்கப்பட்ட குடும்ப அட்டை. இரண்டிலும் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் படியுங்கள். பின்பக்கத்து முத்திரைகளும் குறிப்புகளும் உட்பட. தோட்டத்தின் பெயர், பிறந்த இடம், தகப்பனார் பெயர் ஆகியவை கிடைத்தால், இலங்கைப் பதிவாளர் நாயகத் திணைக்களத்தில் தாத்தாவின் பிள்ளைகளுடைய பிறப்புச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் தகப்பனார் பிறந்த இடம் பற்றிய பத்தியும் உண்டு. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அங்கே பதிவு ஒழுங்காகவே நடந்திருக்கிறது.

எழுத்தில் கிடைக்காவிட்டால் கங்காணியின் ஊரைத் தேடுங்கள். இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் சேர்த்த கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் சொந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ளவர்களையும் தங்கள் சாதி சனங்களையுமே அழைத்துப் போனார்கள். ஆகவே உங்கள் தாத்தாவின் பெரிய கங்காணி யார், அவர் எந்த ஊர்க்காரர் என்பது அதே தோட்டத்திலிருந்து வந்த யாருக்காவது தெரிந்திருந்தால், தேட வேண்டிய வட்டாரம் சில கிராமங்களாகச் சுருங்கிவிடும். ஒரே தோட்டத்தைச் சேர்ந்தவர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் அருகருகே குடியேறியிருக்கலாம். உங்கள் அக்கம்பக்கத்தில் உள்ள பெரியவர்களிடமே முதலில் கேளுங்கள். தோட்டத்தில் எந்தத் தெய்வத்துக்குத் திருவிழா எடுத்தார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புறப்பட்டு வந்த ஊரின் தெய்வத்தையே அங்கே வைத்துக் கும்பிட்ட குடும்பங்கள் உண்டு.

கேள்வி: எங்கள் வம்சாவளிப் படத்தில் எட்டுத் தலைமுறை ஆண்கள் இருக்கிறார்கள். பெண்கள் ஒருவர்கூட இல்லை. என் பாட்டியின் பிறந்த வீட்டைப் பற்றி அறிய எங்கே தேடுவது?
— வாசகி, மதுரை

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. எட்டுத் தலைமுறை ஆண்களின் பெயர் மட்டும் உள்ள படத்தைப் பாதிப் படம் என்றே சொல்ல வேண்டும்.

மொய் நோட்டை எடுங்கள். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் ஒவ்வொரு விசேஷத்தின் மொய் நோட்டையும் திரும்பச் செய்ய வேண்டிய கடமைக்காகப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். தாய்மாமன் சீர் யார் பேரில், எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைப் பார்த்தால், அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்ணின் பிறந்த வீடு அங்கே தெரியும். உங்கள் தகப்பனாரின் காதுகுத்துக்கு எழுதிய மொய் நோட்டில் பாட்டியின் உடன்பிறந்தவர்கள் அனைவரும் இருப்பார்கள்.

பிறகு பாட்டியின் பிறந்த வீட்டுச் சொத்து விவரங்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகும், குறிப்பாகத் தமிழ்நாட்டில் 1989இல் மகள்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு என்று திருத்தம் வந்த பிறகும், சகோதரிகளிடமிருந்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவது பெருகியது. உரிமையை விட்டுக்கொடுப்பதற்காக எழுதப்பட்ட அந்தப் பத்திரங்களில்தான், மணமாகிப்போன எல்லாப் பெண்களும் கணவர் பெயரோடும் ஊரோடும் வரிசையாக இடம்பெறுகிறார்கள். வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழ்களும் இதே வகையில் உதவும்.

நகரத்தார் குடும்பங்களில் திருமணத்தின்போது அவரவர் நகரக் கோயிலில் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாகப் பதிவு செய்யும் வழக்கம் இருப்பதால், மணமக்கள் இருவருடைய கோயிலும் பிரிவும் எழுத்தில் கிடைக்கும். மற்ற சமூகங்களில் குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டைக் கேட்டுப் பார்க்கலாம். அதில் குடும்பத் தலைவர்களின் பெயர்தான் இருக்கும் என்றாலும், பாட்டியின் பிறந்த ஊர்க் கோயில் நோட்டில் அவருடைய தகப்பனாரையும் சகோதரர்களையும் காணலாம். தென்மாவட்டங்களில் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்குப் போனால், வெளியூர்களில் இருக்கும் பங்காளிகள் அனைவரையும் ஒரே இடத்தில் சந்தித்துவிடலாம்.

மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கத்தால், பாட்டியின் பிறந்த வீடு ஏற்கெனவே உங்கள் படத்தில் வேறொரு கிளையாக இருக்கவும் கூடும். அயல்நாடுகளில் உருவாக்கப்பட்ட கணினிச் செயலிகள் சிலவற்றில் இத்தகைய உறவுகளை வரைவது கடினம். காகிதத்தில் வரைந்து, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அதே நபர் வேறு உறவில் வரும் இடத்தில் அந்த எண்ணையே மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: மரபணுப் பரிசோதனை செய்தால் முன்னோர்களைக் கண்டுபிடிக்கலாம் என்று விளம்பரம் வருகிறது. பணம் கட்டலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்தப் பரிசோதனை உங்கள் பூட்டனாரின் பெயரையோ ஊரையோ சொல்லாது. அதே நிறுவனத்தில் பரிசோதனை செய்துகொண்ட வேறு ஒருவர் உங்களுக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்பதை மட்டுமே கணிக்கும். நெருங்கிய சொந்தத்துக்குள் பலமுறை மணம் நடந்த குடும்பங்களில் அந்தக் கணிப்பும் உண்மையைவிட நெருக்கமான உறவாகக் காட்டிவிடும். கடல்கடந்துபோன கிளை ஒன்று உங்கள் குடும்பத்தில் இருந்து, அவர்களுடைய சந்ததியினரும் பரிசோதனை செய்திருந்தால் மட்டும் பயன் உண்டு. அதற்கு முன், ‘ஃபேமிலிசர்ச்’ என்ற இணையதளத்தில் கட்டணமின்றிக் கணக்குத் தொடங்கி, உங்கள் மாவட்டத்துக்கு உரிய தேவாலயப் பதிவேடுகள் ஏதேனும் படமெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு அரசின் கடல்கடந்த நாடுகளுக்கான ஆவணக் காப்பகம் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி குடும்பப் பெயர் ஏற்றுக்கொண்டவர்களின் வழித்தோன்றல்கள் அந்தப் பெயரை வைத்தே தேடலாம். கட்ட நினைத்திருந்த பணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர நகல்களுக்குக் கட்டுங்கள்.